கோவை 1998: குற்றமும் குடியிருப்பும்

ஆயுதமேந்திய ஒரு குழு நகரொன்றின் அமைதியைக் குலைக்கும்போது அரசின் கரம் எதுவரை நீளலாம்? அக்குழு எந்தச் சமுதாயத்தின் பெயரைச் சொல்லிக் கொள்கிறதோ, அந்தச் சமுதாயத்தின் கடமை யாது? இவ்விரு வினாக்களையும் தமிழ் முஸ்லிம்களின் முன் மிகக் கடுமையாக நிறுத்திய நிகழ்வு 1998 பிப்ரவரியில் கோயம்புத்தூரில் நடந்தது. வண்டலூரில் இன்று நம்மிடம் அரபி பயில வரும் மாணவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுள் சிலர் அதனைத் தம்மவர்க்கு இழைக்கப்பட்ட அநீதியின் கதையாக மட்டுமே கேட்டிருக்கின்றனர். வேறு சிலர் கேட்டதே இல்லை. ஆகவே, நடந்ததை வரிசையாக நினைவுகூர்வது அவசியமாகிறது.

பாபரி மஸ்ஜித் 1992 டிசம்பரில் இடிக்கப்பட்டதை அடுத்த ஆண்டுகளில், கோவையைச் சேர்ந்த எஸ். ஏ. பாஷா என்பார் அல்-உம்மா என்னும் அமைப்பை நிறுவினார். பழைய கோட்டையின் பெயரைத் தாங்கிய கோட்டைமேடும், அதனை ஒட்டிய உக்கடமும் அந்நகரின் முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகள். சிறு வணிகமும் நடைபாதைக் கடைகளும் அம்மக்களுள் பலருக்கு வாழ்வாதாரம். 1997 நவம்பர் 29 அன்று இரவு, பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் உக்கடத்தில் குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் முதல் நகரம் பற்றியெரிந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் வன்முறைக் கும்பல்களின் தாக்குதலிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். முஸ்லிம்களின் கடைகள் பல சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. காவலரைக் கொன்றவர் சிலர். விலை கொடுத்தவரோ அக்கொலையோடு தொடர்பே இல்லாத பலர்.

பழிவாங்குதல் என்னும் நஞ்சு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று, பாரதிய ஜனதா கட்சித் தலைவர் எல். கே. அத்வானி தேர்தல் கூட்டத்தில் உரையாற்ற வரவிருந்த வேளையில், நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். 200க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். சாலையில் நடந்தவர், கடையில் நின்றவர் எனக் கலவரத்தோடு யாதொரு தொடர்பும் அற்றவர்களே அவர்களுள் மிகப்பலர். நவம்பரில் ஒரு சமுதாயத்திற்கு இழைக்கப்பட்ட அதே அநீதி, அதாவது ஒருவர் செய்ததற்கு இன்னொருவரைத் தண்டித்தல், பிப்ரவரியில் அச்சமுதாயத்தின் பெயராலேயே இழைக்கப்பட்டது.

அரசு உடனே செயற்பட்டது. அல்-உம்மாவும் ஜிஹாத் கமிட்டியும் தடை செய்யப்பட்டன. பாஷா சென்னையில் கைதானார். இராணுவமும் துணைப்படைகளும் கோவைக்கு வரவழைக்கப்பட்டன. கோட்டைமேட்டிலும் பிற பகுதிகளிலும் வீடு வீடாகச் சோதனைகள் நடந்தன. வெடிக்காத குண்டுகளும், வெடிமருந்து நிரப்பிய காரொன்றும் கண்டெடுக்கப்பட்ட நிலையில் அச்சோதனைகள் தேவையற்றவை என்று கூறுதல் நேர்மையாகாது. மக்களின் உயிரைக் காப்பது அரசின் முதற்கடமை. ஆனால் சோதனைக்கும் சந்தேகத்திற்கும் எல்லை வகுக்கப்படாதபோது, ஒரு குழுவைத் தேடும் வேலை ஒரு குடியிருப்பையே குற்றவாளியாக்கும் வேலையாக மாறிவிடுகிறது. கோட்டைமேடு என்று முகவரி சொல்வதே பல இளைஞர்களுக்கு நெடுங்காலம் சுமையாயிற்று.

வழக்கின் போக்கும் இதனையே உணர்த்துகிறது. 166 பேர் மீது நடந்த வழக்கில் விசாரணை 2002இல்தான் தொடங்கியது. 1,300க்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 2007 ஆகஸ்ட் 1 அன்று தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் என்றும் 8 பேரை நிரபராதிகள் என்றும் தீர்ப்பளித்தது. விடுவிக்கப்பட்டவர்களுள் கேரளத்தின் அப்துந் நாஸிர் மஅதனியும் ஒருவர். அவர் 1998 மார்ச் முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். பாஷா ஆயுள் தண்டனை பெற்றார். 2009இல் சென்னை உயர் நீதிமன்றம் மேலும் பலரை விடுவித்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டோர் தண்டிக்கப்பட்டது நீதியே. நிரபராதி எனப் பின்னர் அறியப்பட்டோர் இழந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. தாமதத்தால் துன்புற்றோர் அவர்கள் மட்டுமல்லர். உறவுகளைப் பறிகொடுத்த 58 குடும்பங்களும் தீர்ப்புக்காக அதே ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தன.

இங்கே இஸ்லாமிய வரலாற்றின் ஓர் அத்தியாயத்தை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது. நான்காம் கலீஃபா அலீ (ரலி) அவர்களின் காலத்தில் காரிஜிய்யாக்கள் பிரிந்து சென்று அவர்களையே காஃபிர் என்றனர். அலீ (ரலி) அதற்காக வாளெடுக்கவில்லை. பள்ளிவாசலுக்கு வருவதை அவர்களுக்குத் தடுக்கமாட்டோம், பொது நிதியில் அவர்களின் பங்கை மறுக்கமாட்டோம், அவர்கள் தொடங்காதவரை நாம் போர் தொடங்கமாட்டோம் என்பதே அவர்களின் நிலைப்பாடாக இருந்தது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அனுப்பி வாதிடச் செய்ததில் பலர் திரும்பி வந்தனர். பின்னர் எஞ்சியோர் அப்துல்லாஹ் இப்னு கப்பாப் அவர்களையும் கர்ப்பிணியான அவர்தம் துணைவியையும் கொன்றபோது, கொலையாளிகளை மட்டும் ஒப்படைக்குமாறு அலீ (ரலி) கேட்டார்கள். நாங்கள் அனைவருமே கொன்றோம் என்று அவர்கள் மறுத்த பிறகே ஹிஜ்ரி 38இல் நஹ்ரவானில் போர் மூண்டது. அதற்கு முன்பும் அபய மளிக்கும் கொடி நாட்டப்பட்டு, விலகிச் செல்வோர்க்கு வழி விடப்பட்டது. ஹிஜ்ரி 40இல் இப்னு முல்ஜமின் வாளால் வெட்டுண்டு மரணப்படுக்கையில் கிடந்தபோதும், தம்மைக் கொன்றவன் ஒருவனைத் தவிர வேறெவரையும் பழிவாங்கக் கூடாதென்றே அவர்கள் கட்டளையிட்டார்கள்.

ஏழாம் நூற்றாண்டின் போர்க்களத்தையும் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் நீதிமன்றத்தையும் சமமாக வைப்பது நம் நோக்கமன்று. நெறி ஒன்றே என்பதைத்தான் சுட்டுகிறோம். கருத்துக்காகத் தண்டனையில்லை, இரத்தம் சிந்தியவனுக்கு விலக்கில்லை, அவனுடைய உறவினரும் தெருவும் அவனுடைய குற்றத்தைச் சுமப்பதில்லை. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்னும் திருமறையின் போதனையும் இதுவே. கொலையாளிகளைப் பிரித்துக் காட்ட மறுத்ததுதான் நஹ்ரவானில் காரிஜிய்யாக்களின் அழிவுக்குக் காரணமாயிற்று என்பது நம் சமுதாயத்திற்குரிய பாடம். கொலையாளிகளை மட்டுமே கேட்டது அலீ (ரலி) அவர்களின் நீதி என்பது ஆட்சியாளர்க்குரிய பாடம்.

2022 அக்டோபர் 23 அன்று, கோட்டைமேட்டில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்து, அதிலிருந்த ஜமேஷா முபின் இறந்தபோது, கோவை ஜமாஅத்தினர் அச்செயலைக் கண்டித்ததோடு அக்கோயிலுக்கே சென்று நிர்வாகத்தினரைச் சந்தித்தனர். 1997இன் தீ அம்முறை மூளவில்லை. 58 உயிர்களும் 18 உயிர்களும் விட்டுச் சென்ற பாடத்தை அந்நகரத்து மக்கள் ஓரளவேனும் கற்றிருக்கின்றனர். பாஷா 2024 டிசம்பரில் காலமானார். அவரோடு ஒரு தலைமுறையின் கதை முடிந்தது. அக்கதையின் இரு பக்கங்களையும், நமக்கு நேர்ந்ததையும் நம் பெயரால் நேர்ந்ததையும், மறைக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பது நம் மத்ரஸாக்களின் பொறுப்பாகும்.