விசைப்படகில் நீர்க்கசிவு

விசைப்படகில் நீர்க்கசிவு என்பது கடல்நீர், மழைநீர் அல்லது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் படகின் அடித்தளத்தில் சேர்வதாகும். படகின் உடல் விரிசல் காண்பதைவிட, அதில் வேண்டுமென்றே போட்ட துளைகளே பெரும்பாலும் காரணம்: புரொப்பல்லர் தண்டு, சுக்கான் தண்டு, கடல்நீர் வால்வு. உள்ளே வந்த நீர் சட்டங்களின் ஓரமாக ஓடி வேறிடத்தில் தேங்குவதால், ஈரம் தெரியும் இடத்தில் பூசுவது வீண். முதலில் அடித்தளத்தைத் துடைத்துக் காயவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் நீர் ஏறினால் தண்டையோ குளிர்விப்புக் குழாயையோ பார்க்க வேண்டும். கட்டிக்கிடக்கும்போதும் ஏறினால் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பொருத்துகளை. நீர் உப்புக் கரிக்காவிட்டால் மேல்தளத்தையும் நன்னீர்த் தொட்டியையும்.

உள்ளிருந்தே எப்பாக்சி வைத்து அடைத்தால் போதும் என்பாருண்டு. கரை சேரும்வரை அது உதவும். ஆனால் வெளிநீரின் அழுத்தம் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும், ஃபைபருக்குள் புகுந்த ஈரமும் அங்கேயே தங்கும். படகைக் கரையேற்றி, பழைய பசையைச் சுரண்டி, உலர்த்தி, வெளிப்புறத்திலிருந்து அடைப்பதே நிலைக்கும். மரப்படகின் பலகை இடுக்குகளுக்குக் கலப்பத்து, அதாவது நார் திணித்து அடைப்பது. கசிவை முற்றிலும் அடைக்க வேண்டும் என்பதற்கு, புரொப்பல்லர் தண்டு உடலைக் கடக்கும் இடத்தில் திரி அடைத்த தண்டுப்பெட்டி மட்டும் விலக்கு: தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில துளிகள் சொட்டுவது அங்கே குறையல்ல, அந்த நீரே திரியைக் குளிர்விக்கிறது. சொட்டே விழாதபடி பெட்டியின் நட்டை முறுக்கினால் திரி கருகி, தண்டில் வரி விழுந்து, கசிவு பெருகும்.