வீசையிலிருந்து கிலோவுக்கு

தங்கத்தை இன்றும் நாம் பவுனில்தான் பேசுகிறோம். பவுன் என்பது பிரிட்டிஷ் அரசின் தங்க நாணயமான சவரனைக் குறித்த சொல். அந்நாணயத்தின் எடை 7.988 கிராம். நம் நகைக்கடைகளிலோ ஒரு பவுன் சரியாக 8 கிராம். பழைய பெயர் நிலைத்துவிட்டது. எடை மட்டும் சத்தமின்றி மெட்ரிக்குக்கு நகர்ந்துவிட்டது. இத்தகைய சில்லறை மிச்சங்கள் யார் கணக்கில் சேர்ந்தன என்ற கேள்வியோடுதான் எடை மாற்றத்தின் வரலாற்றை நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கில ஆட்சி உள்நாட்டு எடைகளை ஒழித்துவிடவில்லை. தன் அளவைகளோடு அவற்றைப் பிணைத்து வைத்தது. 1833இல் தோலா 180 கிரெயின் என வரையறுக்கப்பட்டது. வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. 80 தோலா ஒரு சேர். 40 சேர் ஒரு மணங்கு, அதாவது 37.32 கிலோ. இது வங்காளத்து மணங்கு. சென்னை மணங்கோ 25 பவுண்டு, அதாவது 11.34 கிலோ மட்டுமே. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்பது இங்கிருந்த வாய்பாடு. பெயர் ஒன்று, எடையில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. வெளியூர்ச் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோன எளிய விவசாயிக்கு இக்குழப்பம் நட்டத்தையே தந்திருக்கும்.

சுதந்திர இந்தியா 1956இல் மெட்ரிக் எடை அளவுகளுக்கான சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. பதினெட்டு மாத இடைவெளியில் காசும் மாறியது, எடைக்கல்லும் மாறியது.

ஒரு வீசைப் புளி ஒன்றேகால் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீசை 3 பவுண்டு 2 அவுன்ஸ், ஏறத்தாழ 1.417 கிலோ. அப்படியானால் ஒரு கிலோ 88 நயா பைசாவும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்துக்குக் காசு கிடையாது. ஓரணாவுக்கும் அதே கதை: அது 6.25 நயா பைசா. கால் பைசாவை யாரும் அச்சிடவில்லை. கடைக்காரர் 88 என்றாலும் 90 என்றாலும், எழுத்தறியாத ஒருத்தி எதைக் கொண்டு சரிபார்த்திருப்பாள்? நேற்றுவரை வீசையும் பலமும் அவள் கை அறிந்த கனமாக இருந்தன. இப்போது அவளுக்கு மிஞ்சியது கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே.

இதற்காக அச்சீர்திருத்தத்தை நாம் பழிக்க முடியாது. சென்னையிலும் கல்கத்தாவிலும் கிலோ ஒன்றே என்றானபோது, மணங்கு என்ற பெயருக்குள் ஒளிந்திருந்த ஏமாற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. நெடுங்காலத்தில் எளியவருக்கே அது நன்மை. ஆனால் அந்நன்மைக்கான முதல் விலையையும், காலும் அரையுமான பைசாக்களில், பெரும்பாலும் அவர்களே கொடுத்தார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. எந்தக் கணக்கேட்டிலும் அது எழுதப்பட்டிருக்காது.