பகைவர் சொன்ன புகழ், ஊழியர் சொன்ன பழி: செங்கிஸ்கான் பற்றிய மதிப்பீடுகளின் வரலாறு

வென்றவரின் அரசவை புகழும், தோற்றவரின் எழுதுகோல் தூற்றும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. 1227இல் இறந்த செங்கிஸ்கான் பற்றிய மூல நூல்களோ இந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்குகின்றன.

பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி மங்கோலியரிடம் ஊழியம் பார்த்தவர். 1259இல் மங்கோலிய ஆட்சியாளர் ஹுலாகுவின் கீழ் பாக்தாதின் ஆளுநரானவர். ஆயினும் 1221இல் நடந்த மெர்வ் நகரப் படுகொலையை நாம் நடுங்கும்படி எழுதியவர் அவரே. சிலர் கூடிப் பதின்மூன்று நாள் இரவுபகலாகப் பிணங்களை எண்ணினார்களாம். பொந்துகளிலும் வெளிக் கிராமங்களிலும் மடிந்தவர்களைச் சேர்க்காமலே தொகை 13 லட்சத்தைத் தாண்டியதாம். அதே மெர்வுக்கு அரபு வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் தரும் எண்ணிக்கை 7 லட்சம். அடைக்கலம் தேடி வந்தவர்களைச் சேர்த்தாலும் அக்காலத்து மெர்வில் இத்தனை பேர் இருந்திருக்க முடியாது. எண்ணிக்கை மிகை என்பதைக் காட்டிப் படுகொலையையே கழித்துவிடுவோரும் உண்டு, அது தவறு. நகரம் அழிந்ததில் எந்தச் சாட்சியும் முரண்படவில்லை.

இன்னொரு வரலாற்றாசிரியர் ஜுஸ்ஜானியின் நிலை நேர்மாறானது. மங்கோலியப் படையெடுப்பால் கோர் நாட்டை விட்டு இந்தியா வந்தவர். 1260இல் தில்லி சுல்தானின் நிழலில் நூலை முடித்தவர். செங்கிஸ்கானைச் சபிக்கப்பட்டவர் என்றே குறிப்பிடுகிறார். ஆனால் அவருடைய குணங்களை அடுக்கும் இடத்தில் கொலைவெறி, கொடூரம் ஆகியவற்றோடு அறிவுக்கூர்மை, துணிவு, நீதி ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுகிறார். எதிரியிடமிருந்து வந்த இந்தச் சான்றிதழுக்கு நான் கூடுதல் மதிப்பு தருவேன்.

மங்கோலியர் தமக்காகவே எழுதிக்கொண்ட ‘இரகசிய வரலாறு’ம் நாயகனுக்கு வெள்ளையடிக்கவில்லை. செங்கிஸ்கானாகப் பின்னர் பெயர்பெற்ற சிறுவன் தெமுஜின் நாய்க்குப் பயந்தவன் என்கிறது. பிடித்த மீனைப் பறித்துக்கொண்டதில் முற்றிய பகையில், தம்பியோடு சேர்ந்து மாற்றாந்தாய் மகன் பெக்தெரை அம்பெய்து கொன்றான் என்கிறது. அதற்காகத் தாய் ஹோலுன் அவனைக் கடிந்துகொண்டதையும் மறைக்கவில்லை.

பழியும் புகழும் தனித்தனியாகப் பிரிந்தது பிற்காலத்தில்தான். 1755இல் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் தம் நாடகத்தில் செங்கிஸ்கானைக் கொடுங்கோலராக மேடையேற்றினார். 1930களின் தொடக்கத்தில் சிறையிலிருந்து மகளுக்கு எழுதிய கடிதங்களில் நேரு அவரை ஈடற்ற படைத்தலைவர் என்று வியந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் வழக்கு அரசுகளின் கைக்குப் போனது. 1962இல் மங்கோலியா அவரது 800ஆம் பிறந்த ஆண்டைக் கொண்டாடியது. தாதல் என்ற ஊரில் நினைவுச்சின்னம் எழுந்தது. சோவியத் ஒன்றியம் முகம் சுளித்தது. விழாவை முன்னின்று நடத்திய தோமோர்-ஒச்சிர் அதே ஆண்டில் கட்சித் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். நினைவுச்சின்னம் மட்டும் தப்பியது. 1990க்குப் பிறகு காற்று திசைமாறியது. அந்நாட்டுப் பணமான துக்ரிக் தாள்களில் செங்கிஸ்கானின் முகம் வந்தது. 2008இல் சோன்ஜின் போல்தோகில் 40 மீட்டர் உயரக் குதிரைவீரச் சிலை எழுந்தது. மங்கோலிய வாசகருக்கு இன்று மெர்வ் ஓர் அடிக்குறிப்பு. ஈரானிய வாசகருக்கு அதுவே முழுக்கதை. ஜுவைனியோ ஜுஸ்ஜானியோ இப்படிப் பாதியை விழுங்கவில்லை.

இந்த இழுபறி ஓயவில்லை. 2020இல் பிரான்சின் நான்ட் நகர அருங்காட்சியகம் செங்கிஸ்கான் பற்றிய தன் கண்காட்சியைத் தள்ளிவைத்தது. ‘செங்கிஸ்கான்’, ‘பேரரசு’, ‘மங்கோல்’ ஆகிய சொற்களை நீக்கும்படி சீன அதிகாரிகள் கேட்டதே காரணம். அவர் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய அக்கண்காட்சி 2023இல், மங்கோலியா இரவல் தந்த அரும்பொருள்களோடு, திறக்கப்பட்டது.