பறையடித்தவர்களுக்கு யார் சேதி சொன்னார்கள்?

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. நான்காவதாக ஒரு சின்ன மலையும் இங்கே உண்டு. பழைய ஆவணங்களில் அதன் பெயர் 'சக்கிலி துர்க்கம்'. தோல் வேலை செய்த மக்களின் பெயரை, அதுவும் இழிசொல்லாக, ஒரு மலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், எந்த நோயில் செத்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

எழுதப்பட்ட சாவுகள் வேறு. 1750 முதல் 1761 வரை செஞ்சி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பியர்கள் இங்கே மாண்டதாகச் சொல்லப்பட்டதை ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் குறித்திருக்கிறார். செஞ்சி நோய் பிடித்த ஊர் என்ற எச்சரிக்கை சிப்பாய்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே மலையடிவாரத்தில் அதே தண்ணீரைக் குடித்தவர்களை யாரும் எண்ணவில்லை. நோய் பற்றிய தகவலுக்கும் சாதி உண்டு, தோழர்களே. அதற்கு இன்னும் தெளிவான சாட்சி 1918.

அந்த ஆண்டு ஜூனில் பம்பாயில் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் பரவியது. செப்டம்பரில் இரண்டாவது அலை இன்னும் கொடூரமாக வந்தது. மழை பொய்த்து, தானிய விலை ஏறி, சென்னை மாகாணத்தில் கடைகள் சூறையாடப்பட்ட நேரம் அது. இந்தியாவில் குறைந்தது 1 கோடியே 20 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். பம்பாய் நகரக் கணக்கை மட்டும் பாருங்கள்: ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8 பேர், பிற இந்துக்களில் ஆயிரத்துக்கு 19 பேர், 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று எழுதப்பட்ட நம் மக்களில் ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல். கிருமி சாதி பார்க்கவில்லை. நெருக்கமான குடிசை, பசித்த உடம்பு, எட்டாத வைத்தியம், வந்து சேராத தகவல் என்று எல்லாமே சாதிப்படி பங்கிடப்பட்டிருந்தன.

தென்னார்க்காட்டுக் கிராமங்களில் அந்த நாளில் தகவல் எப்படிப் போனது? அரசு உத்தரவானாலும் நோய் எச்சரிக்கையானாலும் தண்டோராதான். பறையைத் தோளில் மாட்டித் தெருத் தெருவாகச் சொன்னவர் சேரிக்காரர். சாவு விழுந்தால் பல மைல் நடந்து சொந்தபந்தங்களுக்கு இழவுச் சேதி சொன்னவரும் அவரே. குழி வெட்டியவரும் அவரே. கொள்ளை நோய்க் காலத்தில் பிணத்துக்குப் பக்கத்தில் கடைசிவரை நின்ற மனிதருக்கு, அந்த நோயிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை யார் சொல்லியிருப்பார்கள்? பொதுக் கிணறும் பொதுச் சாலையும் அரசு அலுவலகமும் நமக்குத் திறந்தவை என்ற இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானமே 1924இல்தான் சென்னை சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதுவும் தாளில்.

தண்டோரா முறையைக் கைவிடச் சொல்லித் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். இழிவு போனதில் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது: சேரிக்குச் சேதி கொண்டுவருவது யார்?

இதை நாங்கள் ஏட்டிலிருந்து மட்டும் கேட்கவில்லை. ஒரு ஐப்பசி மழையில், செஞ்சிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றில், மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்தார். நாலாம் நாள் கூலி போய்விடுமே என்று எழுந்து வேலைக்குப் போனார். மதியம் நெஞ்சை அடைத்தது. வாய்வு என்று சோடா வாங்கிக் குடித்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அவருக்குப் பிரஷர் இருந்தது, மாத்திரையை நிறுத்தி மாதக்கணக்காகியிருந்தது.

ஃப்ளூவுக்கும் மாரடைப்புக்கும் உள்ள உறவு புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஃப்ளூ பரவும் காலங்களில் இதய நோய்ச் சாவுகளும் கூடுவதை அமெரிக்காவின் செல்வின் காலின்ஸ் 1932லேயே எழுதினார். 2018இல் கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று காட்டியது. தொற்றோடு உடம்பு போராடும்போது ரத்தக்குழாய்களில் அழற்சி ஏற்படுகிறது, ரத்தம் எளிதில் உறைகிறது, இதயத்தின் வேலையும் கூடுகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள குழாய் அப்போது முழுதாக மூடிக்கொள்ளலாம்.

இதை நாங்கள் படித்திருந்தோம். அந்தத் தெருவுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம், சாதிச் சான்றிதழ் பற்றி, உதவித்தொகை பற்றி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசியிருக்கிறோம். காய்ச்சலோடு மூட்டை தூக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தகவலைத் தன்னிடமே வைத்துக்கொள்வது ஆதிக்கசாதிகளின் பழக்கம் என்று பேசிய நாங்களும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த வைத்தியர். அறிவு ஒரு பைசாவுக்குக் கைக்கு வர வேண்டும் என்பதே அந்தப் பெயரில் இருக்கிற அரசியல்.

ஆகவே மாணவத் தோழர்களே, மழைக்காலம் தொடங்கும் முன்பே உங்கள் தெருவில் சில சேதிகளைச் சொல்லுங்கள். நம் பக்கம் ஃப்ளூ கூடுவது வடகிழக்குப் பருவமழையின்போதுதான். சர்க்கரை, பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வர வேண்டும். வராவிட்டால் கேட்பது உரிமை. ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி இவர்களுக்குப் பாதுகாப்பு. காசு கொடுத்தால்தான் கிடைக்கும் என்ற நிலையை மாற்றக் கோருவதும் நம் போராட்டமே. நெஞ்சு அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் சோடா வேண்டாம், 108 அழையுங்கள். விழுப்புரமானாலும் திருவண்ணாமலையானாலும் இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதனால்தான் 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்திருக்கிறார்கள். அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்த அண்ணனின் மனைவி எங்களிடம் ஒன்று கேட்டார்: "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தம்பி?"

எங்களிடம் பதில் இல்லை. இந்த மழைக்கு முன் அந்தக் காலனியின் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறோம். நீங்கள் உங்கள் தெருவுக்குப் போங்கள்.