தொகையீடும் தாய்மொழியும்

ஹெந்தளையிலாயினும் வெள்ளவத்தையிலாயினும் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் தமிழ் மாணவன், எக்ஸின் வர்க்கத்துடன் ஒன்றைக் கூட்டி அதன் நிகர்மாற்றைத் தொகையிட வேண்டின், எக்ஸுக்கு ஒரு கோணத்தின் தாஞ்சனைப் பிரதியிடுகின்றான். தொகுதியும் பகுதியும் வெட்டுப்பட, கோணம் மட்டுமே எஞ்சுகின்றது.

இவ்வுண்மை கேரளத்தில் வேறு வடிவில் முன்னரே அறியப்பட்டிருந்தது. 14ஆம் நூற்றாண்டில் பிறந்த சங்கமக்கிராம மாதவரின் மரபில் வந்த ஜேஷ்டதேவர், 16ஆம் நூற்றாண்டில் ‘யுக்திபாஷா’வை இயற்றினார். வட்டத்தின் தொடுகோட்டைச் சமமான நுண்துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய வில்லின் சிறுபகுதியை வடிவொத்த முக்கோணங்களால் அளந்து, அனைத்தையும் கூட்டும் முறையை அந்நூல் விளக்குகின்றது. அதன்வழி, பையின் காற்பங்கானது ஒன்றிலிருந்து மூன்றிலொன்றைக் கழித்து, ஐந்திலொன்றைக் கூட்டி, ஏழிலொன்றைக் கழித்து, முடிவின்றிச் செல்லும் தொடராயிற்று. ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்சும் 1670களிலேயே இதனை அடைந்தனர்.

இதனை முழுமையான நுண்கணிதம் எனல் மிகையாகும். எல்லாச் சார்புகளுக்கும் ஏற்ற பொதுமுறையை அக்கணிதர் வகுத்திலர். ஆயினும், வடமொழியே அறிவுமொழியாய் விளங்கிய காலத்தில் இந்நூல் நிறுவல்களுடன் மலையாளத்தில் எழுந்தது. பாடசாலையில் தமிழிலும் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்திலும் கணிதம் கற்கும் மாணவன் எண்ணிப்பார்க்க வேண்டியது இதுவே: நுண்ணிய நிறுவலைத் தாங்கும் ஆற்றல் மொழிக்குப் பிறப்பால் வருவதன்று, அம்மொழியில் எழுதத் துணிவோரால் வருவது.