திண்ணையில் இருந்தவர்கள்

என் பத்தாவது வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. சம்பளம் கைநிறைய வறுத்த வேர்க்கடலை. வேலை, கடுதாசி எழுதுவது.

எஜமானி எங்கள் தெருக் கோடியில் இருந்த ஒரு கிழவி. ஊருக்கெல்லாம் அவள் அப்பாயிதான். நாகப்பட்டினத்திலிருந்து மாட்டு வண்டியில் அரை நாள் பயணம் எங்கள் ஊர். அவளுடைய ஒரே மகன் 1937-இல் ஒரு கங்காணியோடு மலாயாவுக்குக் கப்பலேறிப் போனான். “மூணு வருஷம், கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்” என்று சொல்லிவிட்டுப் போனானாம். நான் கடுதாசி எழுத உட்கார்ந்தது 1955-ஆம் வருஷம். கணக்கு உங்களுக்கே தெரியும்.

அந்தக் கடுதாசிகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், ராஜாக்களும் யுத்த களங்களும் கொண்ட சரித்திரம் அல்ல. ரப்பர் மரத்தைப் பற்றிய சரித்திரம்.

மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகப் பெருக ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலி முறை அங்கே 1910-இல் ஒழிந்தது. அதன் பிறகு கங்காணி முறை ஓங்கியது. கங்காணி வேற்று மனிதன் அல்ல. தோட்டத்தில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரன்தான். துரை கொடுத்த லைசென்சோடு சொந்தக் கிராமத்துக்கே வருவான். மாமன், மச்சான், பங்காளி வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசுவான். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கமிஷன். கப்பல் கட்டணத்தைப் போகிறவன் கொடுக்க வேண்டியதில்லை. தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து, 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதி ஒன்று அதைக் கொடுத்துவிடும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. நாகப்பட்டினத்தில் கப்பல் கரை வரைக்கும் வராது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் ஏறிப் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். வழியனுப்ப வந்த தாயாருக்குக் கடைசியாகத் தெரிவது மகனுடைய முகமல்ல, அலையில் ஏறி இறங்கும் ஒரு படகுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் முக்கியமான தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு கூலி. அது உழைக்கிற உடம்புக்குப் போட்ட கணக்கு. அந்த உடம்பைப் பதினெட்டு வருஷம் சோறு போட்டு வளர்த்த செலவு அதில் இல்லை. ஊரில் இருக்கும் கிழவனுக்கும் கிழவிக்கும் கஞ்சி ஊற்றுகிற செலவும் இல்லை. அந்தப் பாரத்தைக் கிராமம் சுமந்தது. 1930-இல் உலகமெங்கும் வியாபாரம் படுத்து ரப்பர் விலை சரிந்தபோது தோட்டங்கள் என்ன செய்தன, தெரியுமா? இரண்டு மூன்று வருஷத்துக்குள் லட்சத்துக்கும் அதிகமான பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. எங்கே? அதே திண்ணைகளுக்கு! விலை ஏறியதும் மறுபடி அழைத்துக்கொண்டன. வேண்டும்போது எடுத்துக்கொள்ளவும் வேண்டாதபோது கொண்டு வந்து போடவும் ஒரு களஞ்சியம் இருந்தது. அந்தக் களஞ்சியத்துக்குக் காவல் இருந்தவர்கள் வயதான தாய் தகப்பன்மார்கள். அவர்களுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

1938-இல் இந்திய சர்க்கார், உதவிப் பணத்தில் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அப்பாயியின் மகன் அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டான். ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அவன் ஊரிலேயே இருந்திருக்கலாம். சரித்திரத்தில் ஒரு வருஷம் என்பது ஒரு வரி. அப்பாயிக்கு அது ஆயுள் முழுவதும்.

முதல் நான்கு வருஷங்கள் கடுதாசியும் மணியார்டரும் ஒழுங்காக வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அன்றோடு தபால் நின்றது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போடுவதற்காக ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுடைய பெயர்களை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை.

அந்த மூன்றரை வருஷமும் இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை எந்தப் புஸ்தகத்திலும் நான் படித்ததில்லை. என் தாயார் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். 1944-இல் அப்பாயியின் புருஷன் காலமானார். கொள்ளி வைக்க மகன் இல்லை. பங்காளி மகன் வைத்தான். மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில், அவன் சார்பாக இன்னொருவன் கொள்ளி வைப்பதா என்று பெரியவர்கள் வெகு நேரம் வாதாடினார்களாம். பிணம் காத்துக்கொண்டிருந்ததாம்.

1945-இல் யுத்தம் முடிந்தது. மறுபடி கடுதாசிகள் வரத் தொடங்கின. மேலத் தெருவுக்கு ஒன்று வந்தது. பக்கத்துக் கிராமத்துக்கு ஒன்று வந்தது. அப்பாயிக்கு வரவில்லை. ஏழு வருஷம் ஒருவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் அவன் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொன்னது. அப்பாயி சட்டம் படித்தவள் அல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்த மறுநாள், பழைய தோட்டத்து விலாசத்துக்கே கடுதாசி எழுதச் சொல்வாள்.

முதல் கடுதாசி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மழை நன்றாகப் பெய்தது, பசு கிடாரிக் கன்று போட்டது, கொல்லை முருங்கை இந்த வருஷமும் காய்த்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், “உங்கப்பா சௌக்கியமா இருக்காரு, உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காருன்னு எழுது” என்றாள்.

நான் பேனாவை நிறுத்தினேன். “அப்பாயி, தாத்தாதான் செத்துப் போயிட்டாரே?”

“நீ எழுதுடா தம்பி” என்றாள். “நெருப்பு வைக்க முடியாமப் போச்சேன்னு அங்கே ஒண்டியா உக்காந்து அழுவான். ஒரு வாய்த் தண்ணி குடுக்க யாரு இருக்கா அவனுக்கு? வரட்டும். வந்தப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

எழுதினேன். நான்கு மாதம் கழித்து அந்தக் கடுதாசி, விலாசதாரர் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அனுப்புகிறவர் விலாசமாக எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் போட்டிருந்தேன். தபால்காரர் அதைத் தெருக் கோடிக்குக் கொண்டு போகாமல் என் தகப்பனாரிடம் கொடுத்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தகப்பனார் அதைத் தகரப் பெட்டியில் போட்டு மூடினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த பொங்கலுக்கு நான் மறுபடி எழுதினேன். அதுவும் திரும்பி வந்து அதே பெட்டிக்குள் போயிற்று.

1961-இல் அப்பாயி இறந்தபோது பெட்டியில் ஆறு கடுதாசிகள் இருந்தன. அதே பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான்.

பின்னாளில், சரித்திர ஆராய்ச்சியாளர் கெர்னியல் சிங் சாந்து 1969-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைக் கண்டேன். 1786 முதல் 1957 வரை மலாயாவுக்குள் போன இந்தியர்கள் சுமார் 42 லட்சம். திரும்பியவர்கள் சுமார் 30 லட்சம். மிச்சம் 12 லட்சம் பேர் இருந்திருக்க வேண்டும். 1957-இல் அங்கே இருந்த இந்தியர்களோ 8,58,000 சொச்சம் பேர்தான். அவர்களிலும் நூற்றுக்கு 62 பேர் அங்கேயே பிறந்தவர்கள். கழித்துப் பாருங்கள். அந்த லட்சக்கணக்கான பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இந்தக் கரையில் ஒரு திண்ணை இருந்திருக்கும். அந்தத் திண்ணைகளை எண்ணியவர் யாருமில்லை.

அந்த ஆறு கடுதாசிகளும் இன்று என்னிடம் இருக்கின்றன. குண்டு குண்டான என் எழுத்தில், ‘இங்கு யாவரும் சுகம்’ என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பமாகிறது. நாளை ஓர் ஆராய்ச்சியாளர் கையில் இவை கிடைத்தால், மாடும் கன்றுமாக, புருஷனும் பெண்சாதியுமாகச் சுகமாக வாழ்ந்த குடும்பம் என்று குறித்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அக்கரையிலிருந்து வந்த கடுதாசிகளும் இதே மாதிரிதானே? அட்டை கடித்ததையும் மலேரியாவில் நடுங்கியதையும் எந்த மகன் தாயாருக்கு எழுதினான்? இரண்டு கரையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்ட பொய்களைத்தான் கப்பல்கள் மூட்டை மூட்டையாகச் சுமந்தன. 1926-இல் கடலில் இறங்கிய ‘ரஜூலா’ 1973-இல் ஓய்ந்தது. அது ஏற்றிப் போன சரக்குகளில் இதைப்போலக் கனமானது வேறு இருந்திருக்காது.

இப்போது கப்பலும் இல்லை, கங்காணியும் இல்லை. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-இல் ஒரு சட்டமே வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் பிரஜைகளையும் அது கட்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பணத்துக்குத்தான் அதில் அளவு உண்டு.

என் மகளும் கடல் கடந்துதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் முகத்தைப் பார்த்தே பேசுகிறாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டிருந்தேன். “எப்படிப்பா இருக்கீங்க?” என்றாள். கால் தெரியாதபடி தொலைபேசியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “எனக்கென்னம்மா, சௌக்கியமாத்தான் இருக்கேன்” என்றேன். “நீ எப்படி இருக்கே?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்கேன்ப்பா” என்றாள் அவளும்.