சக்கரத்தில் எழுதப்படாத பெயர்

செல்வம் படைத்தோருக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பொருளின்மீது மோகம் பிறப்பதுண்டு. ஒரு காலத்தில் அது குதிரை. பின்னர் மோட்டார் வண்டி. இன்று மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் வசதியுள்ள சிலர் உருக்கினாலான துவிச்சக்கரவண்டிகளைச் சொல்லிச் செய்வித்துச் சேகரித்து வருகிறார்கள். கடையில் நிற்கும் வண்டி அவர்களுக்கு வேண்டியதில்லை. பெயர்பெற்ற கைவினைஞர் ஒருவரிடம் முன்பணம் கட்டி, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, அவர் வாங்குபவரின் காலையும் கையையும் உடம்பையும் அளந்துகொள்கிறார். மெல்லிய உருக்குக் குழாய்களை வெட்டி, மூட்டுகளில் பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கிப் பாய்ச்சி இணைத்து, அரத்தால் அராவி மெருகேற்றுகிறார். இறுதியில் சட்டத்தின்மீது தம் பெயரைப் பொறிக்கிறார். அந்தச் சட்டத்துக்கே பல்லாயிரம் டொலர் விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கைத்தொழிலை நாம் இகழ முன்வரவில்லை. இயந்திரம் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளும் உலகில், ஒரு மனிதன் தன் கைத்திறனை நம்பி வாழ்வதும், தான் செய்த பொருளில் தன் பெயரை எழுதிக்கொள்வதும் மதிக்கத்தக்க செயல்களே. நம்முடைய கேள்வி வேறு. அந்த வண்டியில் ஒரு பெயர்தான் இருக்கிறது. அதைச் செய்தவர் ஒருவர்தானா? வண்டியின் சட்டம் உருக்கு. சக்கரம் உருள்வது இறப்பரின்மீது. இவ்விரண்டு பொருள்களின் சரித்திரமும் நமது சப்ரகமுவ மாகாணத்து மலைகளின் ஊடாகச் செல்கிறது என்பதைப் பலர் அறியார்.

முதலில் உருக்கைப் பார்ப்போம். இன்றைய துவிச்சக்கரவண்டியின் வடிவத்தை 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி நிலைநாட்டினார். 1897-இல் பர்மிங்ஹாம் நகரத்து ஆணி உற்பத்தியாளர் ஆல்பிரட் ரெய்னால்ட்ஸ், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமையும் குழாய்க்கு உரிமை பெற்றார். பளு தாங்கும் இடத்தில் பலமும் தாங்காத இடத்தில் இலேசும் தருவது அதன் நுட்பம். 1935-இல் அதே நிறுவனம் மங்கனீசும் மொலிப்தினமும் கலந்த '531' என்னும் உருக்கைக் கொண்டுவந்தது. அந்த எண்ணைத் தாங்கிய பழைய சட்டங்களைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள்.

ஆனால் உருக்கு என்பது பர்மிங்ஹாமில் பிறந்த அறிவு அன்று. இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கும் பகுதியில், அணை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் கில் ஜூலெப் நிலத்தை ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் பல வெளிப்பட்டன. அவற்றுக்குத் துருத்தி தேவைப்படவில்லை. தென்மேல் பருவக்காற்று மலைமேல் மோதி ஏறும் வேகத்தையே அந்தக் கொல்லர்கள் உலைக்காற்றாகப் பயன்படுத்தியிருந்தனர். 1994-இல் அதே முறையில் உலை கட்டி எரித்துப் பார்த்தபோது, கரிமம் மிகுந்த உருக்கு அதிலிருந்து கிடைத்தது. 1996-இல் இச்செய்தி 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அந்த உலைகள் ஏழாம் நூற்றாண்டுக்கும் பதினோராம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. காற்றை வேலை வாங்கிய அந்தக் கொல்லர்களுள் ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தொழில் ஒரே நாளில் மடிந்துவிடவில்லை. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் இரும்பு உருக்கும் முறையையும் உருக்குச் செய்யும் முறையையும் அறிந்த கடைசித் தலைமுறையினரைக் கண்டு எழுதிவைத்தார். 1908-இல் வெளிவந்த அவருடைய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அக்குறிப்புகள் இடம்பெற்றன. கப்பலேறி வந்த மலிவான ஆங்கில இரும்பின் முன்னே அந்த உலைகள் அணைந்து போயின. உருக்குச் செய்த மலைக்கே உருக்கு இறக்குமதியாயிற்று. ராலி என்றும், ஹம்பர் என்றும், ஹெர்க்குலிஸ் என்றும் ஆங்கிலப் பெயர் தாங்கிய துவிச்சக்கரவண்டிகளாகவும் அது வந்து சேர்ந்தது.

இனி இறப்பரின் கதை. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைப் பொருத்தினார். 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் இதற்கு உரிமை பெற்றிருந்தாராயினும், அதை உலகம் ஏற்றுக்கொள்ளும் காலம் அப்போதுதான் வந்தது. 1890-களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் துவிச்சக்கரவண்டிப் பித்துப் பிடித்து அலைந்தன. மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்பே, இறப்பருக்கு உலகச் சந்தையில் பெரும் பசியை எழுப்பியதில் துவிச்சக்கரவண்டிக்குப் பங்குண்டு.

அந்தப் பசிக்கு முதலில் இரையானவர்கள் ஆபிரிக்க மக்கள். பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோப்போல்ட் 1885 முதல் 1908 வரை தன் சொந்த உடைமையாக வைத்திருந்த கொங்கோவில், காட்டு இறப்பர் கொண்டுவரத் தவறிய கிராமங்கள் எரிக்கப்பட்டன. மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. 1904-இல் வெளியான ரோஜர் கேஸ்மெண்டின் அறிக்கை அதை உலகுக்கு எடுத்துரைத்தது. இலண்டனிலும் பாரிசிலும் பூங்காக்களில் மக்கள் காற்றடைத்த சக்கரத்தில் மிதந்து சென்ற ஆண்டுகளும், கொங்கோவில் கைகள் வெட்டப்பட்ட ஆண்டுகளும் ஒன்றே என்பதை மாணவர்கள் அறிய வேண்டாமா?

காட்டு இறப்பரின் இடத்தைத் தோட்ட இறப்பர் பிடித்தது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்தவற்றில் 1,919 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை ஏறத் தொடங்கியதும், மழை மிகுந்த தாழ்ந்த மலைகள் இறப்பருக்கு உகந்தவை என்று கண்ட கம்பனிகள் களனிப் பள்ளத்தாக்கிலும் களுகங்கைப் பக்கத்திலும் நிலங்களை வளைத்துக்கொண்டன. எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல, தெஹியோவிட்ட, இரத்தினபுரி, காவத்தை என்று மரவரிசைகள் எழுந்தன. 1912-இல் குறுகிய அகலப் புகையிரதப் பாதை இரத்தினபுரி வரை நீண்டது.

காட்டை அழித்துக் கன்று நட்டவர்களுள்ளும், மரம் முதிர்ந்தபின் பால் வெட்டியவர்களுள்ளும் பெருந்தொகையினர் தமிழர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் திரட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள். வந்த வழிச்செலவே கடனாகத் தலையில் ஏறிற்று. அந்தக் கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும், மலைநாட்டைவிடக் கீழ்நாட்டுக்குக் குறைவு என்றும், ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைவு என்றும் கூலி வகுக்கப்பட்டது.

பால் வெட்டும் வேலை எப்படிப்பட்டது? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் நின்றாக வேண்டும். பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்வாக வெட்ட வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் சுரக்காது. வழியும் பாலை ஏந்தச் சிரட்டை. இவ்வாறு ஒருவர் 250 முதல் 300 மரம் வரை வெட்டிவிட்டு, பின்பு வாளியோடு திரும்பி வந்து மரம் மரமாகப் பாலைச் சேர்க்க வேண்டும். பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் உரித்தெடுக்க வேண்டும். காலில் அட்டை, தலைக்கு மேலே மழை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் காலை மழை என்றால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் கூலிக்கும் உறுதி இல்லை. சட்டத்தின் மூட்டை அராவும் கைவினைஞரின் கைக்கும், பட்டையை மயிரிழை கணக்கில் சீவும் இந்தக் கைக்கும் நுட்பத்தில் என்ன வேற்றுமை? ஒன்றைக் கலை என்கிறார்கள். மற்றதைக் கூலிவேலை என்கிறார்கள்.

தோட்டத்துத் தமிழில் ஒரு சொல் உண்டு. ஒரு நாள் வேலைக்கு அங்கே 'பேர்' என்று பெயர். முழுநாள் வேலை செய்தால் செக்ரோலில் பேர் விழும். கொழுந்தோ பாலோ குறைந்துவிட்டால் கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போடுவார். மனிதனுக்குத் தாய்தந்தையர் இட்ட பெயரே கூலியின் அலகாகிவிட்டது! தன் பெயரில் பாதியை ஒருவர் மழைக்கோ மேற்பார்வையாளரின் சினத்துக்கோ இழக்கலாம். துவிச்சக்கரவண்டியின் சட்டத்தில் பொறிக்கப்படும் பெயருக்கும், செக்ரோலில் அரையாக வெட்டப்படும் பேருக்கும் இடையேதான் நாம் பேசும் சரித்திரம் முழுவதும் கிடக்கிறது.

இந்தச் சரித்திரத்தின் கூர்மையான ஏடு ஒன்று கடல் கடந்து எழுதப்பட்டது. அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து, அதே கங்காணி முறையில், மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். பெண்களுக்கு இழைக்கப்பட்ட தொல்லைகளை நிறுத்தவும், கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டனர். அந்தக் கோரிக்கைகளுள் ஒன்று இது: வெள்ளைத் துரைமாரும் தோட்ட உத்தியோகத்தரும் எதிர்ப்படும்போது, தொழிலாளி தன் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

நாம் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் இறப்பர் அவன் வெட்டியது. வண்டி அவன் கூலியைச் சேர்த்து வாங்கியது. ஆயினும் அதன்மீது அமர்ந்தபடி துரையைக் கடந்து செல்ல அவனுக்கு உரிமை இல்லை. அந்த உரிமையைக் கேட்டதற்கு அரசாங்கம் தந்த விடை என்ன? தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் படைகள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். உலகத் துவிச்சக்கரவண்டிச் சரித்திரங்கள் பந்தய வீரர்களையும் புதுமை கண்டவர்களையும் வரிசையாகச் சொல்கின்றன. சைக்கிளில் அமர்ந்திருக்கும் உரிமைக்காகவும் மாண்ட இந்தத் தமிழர்கள் அவற்றில் எங்கே?

அடுத்த ஆண்டே ஜப்பானியரிடம் மலாயா வீழ்ந்தது. நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முதன்மையான இடமாக இலங்கை மாறிற்று. மரம் பட்டுப்போனாலும் சரியென்று பாலைக் கறந்தெடுத்தார்கள். போரில் இத்தனை பயன்பட்ட உழைப்பாளிகளுக்கு விடுதலை பெற்ற நாடு தந்த பரிசு யாது? 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949-இன் தேர்தல் திருத்தம் அவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வழி செய்தது. செக்ரோலில் மட்டும் பேர் இருந்தது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. 1977-லும் 1981-லும் வன்செயல் சப்ரகமுவத் தோட்டங்களில் புகுந்தபோது இரத்தினபுரிப் பக்கத்து லயங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு ஓடின. எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

இப்போது ஒரு சிறு கணக்கு. 2021-இல் தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. நெடுங்காலப் போராட்டத்தின் பயன் அது. அன்று டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாய். சொல்லிச் செய்வித்த சட்டம் ஒன்றுக்கு 4,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், அது 800 பேர். அரைப்பேர் ஒன்றும் விழாமல், மாதம் 25 நாள் வேலை கிடைத்தால், 32 மாதம். அந்த வண்டிக்குச் சில சேகரிப்பாளர்கள் விரும்பிப் பூட்டும் இலேசான உட்குழாய் எதனால் ஆனது? சுத்தமான இறப்பர்ப் பாலினால். 2022-இல் எரிபொருள் கிடைக்காமல் நாடு தவித்தபோது, இலங்கையில் சாதாரணத் துவிச்சக்கரவண்டியின் விலையே ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஒருவருக்கு அலங்காரம், மற்றவருக்கு வேலைக்கும் பள்ளிக்கும் போகும் கால்.

இதனால் அழகிய பொருள்களைச் செய்யாதிருங்கள் என்று நாம் சொல்லவில்லை. தன் படைப்பில் பெயர் எழுதும் உரிமை கைவினைஞர் ஒருவருக்கு மட்டும் உரிய சலுகையாக இருத்தலாகாது என்கிறோம். பருவக்காற்றில் உருக்குச் செய்த கொல்லனுக்கும், விடியற்காலையில் பால் வெட்டும் பெண்ணுக்கும், கிள்ளானில் சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவனுக்கும் அந்த உரிமை உண்டு. கொல்லர்களின் பெயர்களை நாம் இனி மீட்க இயலாது. மற்றவர்களின் பெயர்களை மீட்க இன்னும் காலம் இருக்கிறது. எட்டியாந்தோட்டையிலும் காவத்தையிலும் பழைய பால்வெட்டுக் கைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஆசிரியர்களே, மாணவர்களே, விடுமுறை நாள்களில் குறிப்புப் புத்தகத்தோடு லயங்களுக்குச் செல்லுங்கள். எந்த மலையில், எந்த ஆண்டில், யார் வெட்டினார்கள் என்று கேளுங்கள். அரைப்பேராக அன்று, முழுப் பெயராக எழுதிக்கொண்டு வாருங்கள்.